பதினைந்தரையா, பத்தரையா? டெக்சஸில் ஐந்து நாள்

முதல் நாள்: மாரத்தான்

சின்ன வயதில் என்னிடம் ஒரு பொது அறிவுப் புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்து, முதல் சில பக்கங்கள் போய்விட்ட புத்தகம். அதில் உலகத்திலேயே பெரிய பறக்கும் பிராணி என்று ஒரு படம். இறக்கை விரிப்பு 15.5 மீட்டர் என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த வாய்ச்சண்டை வந்தாலும் கடைசியில் அந்த எண்ணைத்தான் எடுத்து வீசுவேன். போன மாதம் என் மகள், வயது பதினொன்று, தன் புத்தகத்தை விரித்துக் காட்டி, "அப்பா, பத்தரை மீட்டர்தான்" என்றாள். அதே பிராணி. டைனோசார் காலத்துக் கெட்ஸல்கோவாட்லஸ். நடுவில் ஐந்து மீட்டர் எங்கே போனது?

விடுமுறையும் வந்தது. சரி, எலும்பு கிடைத்த ஊருக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டோம்.

மிட்லண்டில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தெற்கே வந்தோம். வழி முழுக்க எண்ணெய்க் கிணறுகள், தலையாட்டிக்கொண்டே இருக்கும் எந்திரங்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மாரத்தான் சின்ன ஊர். விடுதியில் பெட்டியை இறக்கியதும் மகள் கையில் அளவு டேப்போடு வெளியே ஓடினாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் கோடு கிழித்திருந்தார்கள். ஒரு கட்டத்தின் அகலம் டேப்பில் 2.7 மீட்டர். முதல் கோட்டில் ஒரு கல்லை வைத்துவிட்டு அங்கிருந்து அளந்துகொண்டே போனோம். பத்தரை மீட்டர், நாலாவது கட்டம் முடியப் போகிற இடம். அங்கே ஒரு கல். பதினைந்தரை, ஆறாவது கட்டத்துக்குள்ளே. அங்கே ஒன்று. 1975-ல் இதைப் பற்றி முதலில் எழுதியபோது மூன்று மதிப்பீடுகள் கொடுத்திருந்தார்கள்: 11, 15.5, 21. அந்த 21-க்கும் ஒரு கல் வைக்கப் போனோம். எட்டாவது கட்டத்தில் ஒரு பெரிய பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

பக்கத்தில் போய் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. நாலு காரை அடுத்தடுத்த கட்டங்களில் நிறுத்தினால் வருகிற அகலம். ஐந்து மீட்டர் குறைந்தது ஏமாற்றம்தான், ஆனால் மீதி இருப்பதைக் கண்ணால் பார்த்தபின் குறையாகத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள்: பிக் பெண்ட்

காலையில் பெர்சிமன் கேப் வாசல் வழியாகப் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தோம். வண்டிக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். உள்ளே போன பத்தாவது நிமிடம் போனில் சிக்னல் போய்விட்டது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காதது என் தப்பு. நல்லவேளை, சாலை ஒன்றுதான்.

பூங்காவின் தலைமை அலுவலகம் இருக்கும் பேந்தர் ஜங்ஷனுக்கு எட்டு மைல் முன்னாலேயே புதைபடிவக் கண்காட்சி வந்துவிடுகிறது. 2017-ல் திறந்தது. ஆள் கிடையாது, கதவு கிடையாது. வெட்டவெளியில் கூரை போட்ட மண்டபம் மாதிரி இருக்கிறது. இந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடல், பிறகு கடலோரச் சதுப்பு, பிறகு ஆறு பாய்ந்த உள்நாட்டுச் சமவெளி, அப்புறம் எரிமலைக் காடு என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்துக்கொண்டே போகலாம். டைனோசுகஸ் என்ற ராட்சத முதலையின் மண்டையோட்டைப் பார்த்து மகள் அசந்துவிட்டாள். நான் அசந்தது தலைக்கு மேலே. கூரைக்குக் கீழே இறக்கையை விரித்துக்கொண்டு கெட்ஸல்கோவாட்லஸ்.

கதை இதுதான். 1971-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் முதுகலை மாணவர் டக்ளஸ் லாசன் இந்தப் பூங்காவின் பாறை அடுக்குகளைப் படிக்க வந்தார். ஓர் ஓடைக் கரையில் நீளமான எலும்புத் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வெறும் குழல், சுவர் அவ்வளவு மெல்லியது. அதைத் தன் பேராசிரியர் வான் லாங்ஸ்டனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தும் அவ்வளவு மெல்லிய சுவர் என்றால் அது டெரோசாராகத்தான் இருக்க வேண்டும். டைனோசார்களின் உறவுக்கூட்டம், ஆனால் டைனோசார் அல்ல. பறவையும் அல்ல. நாலாவது விரலை மட்டும் நீட்டி வளர்த்து, அதிலிருந்து உடம்புவரை தோலை விரித்துப் பறந்த ஊர்வன.

திரும்பி வந்து தேடியதில் இன்னும் சில துண்டுகள். எல்லாம் சேர்த்தால் ஒரே ஒரு இடது சிறகு, அதுவும் முழுசாக இல்லை. மேற்கை எலும்பு, அதாவது நம் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருப்பது, சுமார் 54 செ.மீ. நீளம். கழுத்து கிடைக்கவில்லை. தலை இல்லை. கால் இல்லை. அந்தக் கையைத் தவிர அந்த ஒரு பிராணியின் எலும்பு வேறெதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

மகள் டேப்பில் 54 செ.மீ. இழுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். என் முழங்கையைத் தாண்டி, முன்கையில் பாதிக்கு மேல் போய் நின்றது. "இதை வச்சு முழுசையும் எப்படிப்பா சொன்னாங்க?" என்றாள்.

அதுதான் கேள்வி. முழு எலும்புக்கூடு தெரிந்த வேறொரு டெரோசாரை எடுத்துக்கொள்வார்கள். அதில் மேற்கை எலும்பு இவ்வளவு நீளம் என்றால் சிறகு மொத்தம் எத்தனை மடங்கு என்று பார்ப்பார்கள். அதே விகிதத்தில் 54 செ.மீட்டரைப் பெருக்குவார்கள். கணக்கு சுலபம். எந்தப் பிராணியை முன்மாதிரியாக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீண்ட சிறகுவிரல் கொண்ட இனத்தை வைத்தால் 21 வரும், குட்டை விரல்காரரை வைத்தால் 11. லாசன் நடுவில் இருந்த 15.5-ஐச் சொன்னார். என் பொது அறிவுப் புத்தகமும் அதையே பிடித்துக்கொண்டது.

பெயர் வைத்ததும் அதே 1975-ல்தான். ஆஸ்டெக் மக்களின் இறகு முளைத்த நாகக் கடவுள் கெட்ஸல்கோவாட்ல். முழுப் பெயரில் அதற்குப் பின்னால் வரும் நார்த்ரோப்பி, வாலில்லாத விமானங்கள் கட்டிய ஜாக் நார்த்ரோப்பை நினைத்து. கடவுளும் எந்திரமும் ஒரே பெயரில். இதைவிடப் பொருத்தமாக யாரும் வைத்துவிட முடியாது என்பது என் கட்சி.

பூங்காவில் ஒரு சின்ன எலும்புத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மகள் ஒரு வழவழப்பான கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்துவிட்டுக் கீழே போட்டாள்.

மூன்றாம் நாள்: சாண்டா எலெனா, பாறு

சாண்டா எலெனா பள்ளத்தாக்கைப் பற்றி எழுத எனக்கு வராது. 1,500 அடிச் சுவர், நடுவில் ரியோ கிராண்டே, அந்தப் பக்கம் மெக்சிகோ. படங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

நான் எழுத நினைத்தது பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு பற்றி. இங்கே டர்க்கி வல்ச்சர் என்கிறார்கள். சிவப்புத் தலை, கருப்பு உடம்பு. சூடான காற்று மேலே எழும் இடத்தைக் கண்டுபிடித்து, இறக்கையைச் சற்றே வி வடிவில் தூக்கி, இடமும் வலமும் ஆடிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பார்த்த ஐந்து நிமிடத்தில் ஒருதடவைகூட இறக்கை அடிக்கவில்லை.

"எவ்வளவு பெருசு இருக்கும், சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

"மூணு மீட்டர்!"

கொஞ்ச நேரத்தில் ஒன்று கிட்டே இருந்த காய்ந்த மரத்தில் வந்து உட்கார்ந்து இறக்கையை வெயிலுக்கு விரித்துக் காட்டியது. எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் ஒன்றேமுக்கால் மீட்டர். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாமல் வானத்தில் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் ஆகும். கிட்டத்தட்ட எழுபது மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கையைப் பார்த்தவர்கள் 21 வரை போனதை இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன்.

லாசனுக்கும் பாறு ஞாபகம்தான் வந்தது. அதுவரை தெரிந்த பெரிய டெரோசார்கள் கடல் படிவங்களில் கிடைத்தவை. இதுவோ கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே, டைனோசார் எலும்புகள் கிடக்கும் சமவெளியில். அப்படியானால் பிணம் தின்று வாழ்ந்திருக்கும் என்று நினைத்தார். இப்போது பலரும் அதை ஏற்பதில்லை. நீண்ட விறைப்பான கழுத்து, பல்லில்லாத நீள அலகு. நாரை மாதிரி தரையில் நடந்து சின்னப் பிராணிகளைக் கொத்தித் தின்றிருக்கும் என்பதுதான் வலுவான கருத்து. 2022-ல் வந்த ஓர் ஆய்வு, சூட்டுக்காற்றில் சுற்றிச் சுற்றி மேலே போவதிலும் அது அவ்வளவு கெட்டிக்காரி இல்லை என்றது. பாறு ஒப்பீடு இரண்டு பக்கமும் அடி வாங்கிவிட்டது.

ராத்திரி. இங்கே மின்விளக்கு அவ்வளவாகக் கிடையாது, இருட்டு என்றால் நிஜமான இருட்டு. மகள் தூங்கிவிட்டாள். இதற்குப் போட்டியாக நிற்கும் மற்றப் பெரிய டெரோசார்களைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

ஜோர்டானில் அம்மானுக்குப் பக்கத்தில் ருசைபா என்ற இடம். 1940-களில் ரயில் பாதை வேலையில் ஒரு நீண்ட குழல் எலும்பு கிடைத்தது. கமில் அராம்பூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1959-ல் அதைச் சிறகு எலும்பு என்று முடிவுகட்டி, டைட்டனோப்டெரிக்ஸ் என்று பெயரும் வைத்தார். இரண்டுமே தவறு. அது கழுத்து எலும்பு. அந்தப் பெயரையோ ஏற்கெனவே ஒரு ஈக்கு வைத்துவிட்டிருந்தார்கள்! கடைசியில் அராம்பூரின் பெயராலேயே அராம்பூர்ஜியானியா ஆனது. கிடைத்த துண்டே 62 செ.மீ. முழு எலும்பு 78 செ.மீ. இருக்கும் என்று கணக்கிட்டு, கழுத்து இவ்வளவு என்றால் சிறகு 12, 13 மீட்டர் என்று 1996-ல் போனார்கள்.

அடுத்து ருமேனியா, ஹாட்செக் பகுதி. 2002-ல் பெயர் பெற்ற ஹாட்செகோப்டெரிக்ஸ். எலும்பு அவ்வளவு தடியாக இருந்ததால் முதலில் டைனோசார் என்றே நினைத்தார்களாம். இறக்கை 12 மீட்டர் என்று ஆரம்பித்து, இப்போது 10-க்கும் 12-க்கும் நடுவே பேசுகிறார்கள். அது வாழ்ந்த இடம் அன்றைக்கு ஒரு தீவு. அங்கிருந்த டைனோசார்களில் பல குள்ளமானவை. பெரிய ஊனுண்ணி இதுவாகவே இருந்திருக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது 2017-ல் விவரித்த ஹாட்செகோப்டெரிக்ஸின் கழுத்து எலும்பு ஒன்று. குட்டை, பருமன், கனத்த சுவர். உடம்பு அளவில் அராம்பூர்ஜியானியாவுக்குச் சமமான ஒன்று, கழுத்தில் நேர் எதிர். அப்படியானால் கழுத்து எலும்பை வைத்துச் சிறகை அளப்பது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை வைத்து யானையின் உயரத்தைச் சொல்வது மாதிரிதானே? ஜோர்டான்காரரின் 13 மீட்டர் அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது என்பது என் எண்ணம்.

நான்காம் நாள்: ஆஸ்டின் போகும் வழி

ஏழு மணி நேரத்துக்கு மேல் கார். நடுவில் டயர் காற்று குறைந்ததாக மஞ்சள் விளக்கு எரிந்து, ஒரு பெட்ரோல் நிலையத்தில் முக்கால் மணி நேரம் போயிற்று. வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஸ்டெப்னி வைக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இருநூறு மைலுக்கு ஒரு மனிதனைக்கூடப் பார்க்க முடியாத சாலையில் பயணிகளை இப்படியா அனுப்புவது?

வண்டியில் பேச்சு எடை பற்றி.

நீளத்தைக் கணிப்பதில் தப்பு நடந்தால் எடையில் அது பல மடங்காகப் பழிவாங்கும். லாசன் அதே பூங்காவில் வேறொரு இடத்தில் இதன் நெருங்கிய சொந்தமான சின்னப் பிராணிகளின் எலும்புகளையும் கண்டெடுத்தார். அவை நிறையக் கிடைத்தன. கழுத்தும் தலையும் உட்பட. 2021-ல் அவற்றுக்கு லாசனி என்று அவர் பெயரையே வைத்தார்கள். லாங்ஸ்டன் பல பத்தாண்டு எழுதிக்கொண்டிருந்த ஆய்வு அது. 2013-ல் அவர் காலமானபிறகே அச்சில் வந்தது. சின்னவரின் இறக்கை சுமார் நாலரை மீட்டர். பெரியவரின் எலும்பு இவருடையதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. 2.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரையை 2.2-ஆல் பெருக்கச் சொன்னேன். போனில் தட்டிவிட்டு, "9.9" என்றாள். பத்தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 15.5 ஏன் கரைந்தது என்பதற்கும் இதுதான் விடை. தூரத்துச் சொந்தத்தின் விகிதத்தை விட்டுவிட்டு, நெருங்கிய சொந்தத்தின் விகிதத்தை எடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் சிறகுவிரல் குட்டை.

"சரி, இப்ப 2.2-ஐ மூணு தடவை பெருக்கு."

"10.6. எதுக்கு?"

எடைக்கு. எல்லாப் பக்கமும் 2.2 மடங்கு பெருத்தால் எடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். சிறகின் பரப்போ ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடும். ஒவ்வொரு சதுர அடிச் சிறகும் முன்னைவிட இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். அதனால் பழைய ஆட்கள் எடையைக் கசக்கிப் பிழிந்து 70 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம், எடை மட்டும் ஒரு சராசரி மனிதன்! அந்த எடைக்குள் எலும்பும் தோலும் வைத்தால் தசைக்கு இடமே இருக்காது. இப்போது 200 முதல் 250 கிலோ என்பதுதான் பலரும் சொல்லும் எண். 2010-ல் ஒருவர் கணினியில் உடம்பைத் துண்டு துண்டாக வரைந்து 544 கிலோ என்று கணக்கிட்டு, இது பறந்திருக்காது என்றே சொல்லிவிட்டார். உடம்பை அளவுக்கு மீறி நீளமாக வரைந்துவிட்டார் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கால் டன் எடை எப்படித் தரையைவிட்டு எழும்பும்? பறவை காலால் உந்தி எழும்பும். அதனால் தொடை எலும்புக்குப் பலம் அதிகம். டெரோசாருக்கோ மேற்கை எலும்புதான் பலசாலி. நாலு காலில் நின்று, கையால் தரையை உதைத்து எழும்பியது என்று மைக்கேல் ஹபீப் 2008-ல் எழுதினார். ரத்தம் குடிக்கும் வௌவால் அப்படித்தான் எழும்புகிறது. தென்கொரியாவில் 35 செ.மீ. நீளப் பாதத் தடங்களைக் கல்லில் பார்க்கலாம். இந்தக் குடும்பம் நாலு காலில் நடந்ததற்குச் சாட்சி. ஆனால் கெவின் பேடியன் போன்றவர்கள் இரண்டு காலில் துள்ளித்தான் எழும்பியது என்கிறார்கள். சண்டை ஓயவில்லை. பெட்ரோல் நிலையத்தில் காத்திருந்தபோது மகள் சிமெண்டுத் தரையில் தண்டால் எடுத்துக் கையைத் தட்டிக் காட்டினாள். "இதான்ப்பா, கையால குதிக்கறது." உள்ளங்கையில் சிராய்ப்பு. நான் ஹபீப் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்: ஆஸ்டின்

டெக்சஸ் அறிவியல் மற்றும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பல்கலைக்கழக வளாகத்துக்குள். பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் தொங்குகிறது. பூங்காவில் பார்த்ததுதான், ஆனால் இங்கே கூரைக்குள் அடைபட்டதும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. அலகின் நுனியிலிருந்து கழுத்து முடிவதற்கே நாம் சில எட்டு வைக்க வேண்டும். உடம்பு என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவு சின்னது. எல்லாம் கழுத்தும் கையும்தான்.

தொங்குவது வார்ப்பு. அசல் எலும்புகள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிச் சேகரிப்பில். இடது சிறகின் எலும்புகள் தவிர மற்றதெல்லாம் சின்னவரைப் பார்த்துப் பெருக்கிச் செய்தவை என்று மகளிடம் சொன்னேன். அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது சிறகை மட்டும் கருப்பாக நிரப்பி, மீதியை வெறும் கோடாக விட்டு, கீழே எழுதினாள்: 'ஒரு கை மட்டும் அண்ணனோடது. மீதி தம்பியோடது.' கண்காட்சிப் பலகை எழுதுகிறவர்கள் இவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை முழுக்க நேராக நீட்டி, எலும்பு நீளத்தையெல்லாம் கூட்டினால் ஓர் எண் வரும். ஆனால் பறக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் சற்று மடங்கித்தான் இருக்கும். மூட்டை எவ்வளவு மடக்குகிறோம் என்பதிலேயே எண் குறையும், கூடும். புத்தகத்தில் 10.5 என்று புள்ளி வைத்துப் போடும்போது இதெல்லாம் எங்கே தெரிகிறது? பத்திலிருந்து பதினொன்று என்றால் போதும். இன்றைக்குப் பறக்கும் பறவைகளில் நீண்ட சிறகு அல்பட்ராஸுக்கு, மூன்றரை மீட்டர். அதைப்போல மூன்று மடங்கு.

சாயங்காலம் காங்கிரஸ் அவென்யூ பாலம். 1980-ல் பாலத்தைப் புதுப்பித்தபோது அடியில் விட்ட இடுக்குகளில் மெக்சிகோ வௌவால்கள் குடியேறிவிட்டன. கோடையில் பதினைந்து லட்சம் இருக்குமாம். இப்போது ஏப்ரல், முழுக் கூட்டம் இன்னும் வரவில்லை. சூரியன் இறங்கி இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடுக்கிலிருந்து ஒன்று விழுந்தது, அப்புறம் பத்து, அப்புறம் புகை மாதிரி ஆற்றின் மேல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றும் சும்மா கீழே விழுகிறது, விழுந்துகொண்டே பறக்கத் தொடங்குகிறது. ஓர் ஆழாக்கு அரிசி எடைகூட இருக்காது. இறக்கை 30 செ.மீ. நாலு விரல் நடுவில் தோல்.

மகள் டேப்பை 30-க்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு எலும்புதான் கிடைச்சுதுன்னா இதை எவ்ளோ பெருசுன்னு சொல்லுவாங்க?" என்றாள்.

"எந்த எலும்பு கிடைச்சுது?"

யோசித்தாள். "விரல்னா, கழுகு. தொடைன்னா..." டேப் சட்டென்று சுருண்டு உள்ளே போனது. "எலின்னு சொல்லிடுவாங்க."

வௌவால்கள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. காருக்குப் போட்ட பார்க்கிங் நேரம் முடிந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.